சமாதானம் பேச வருபவர்களுக்கு

"கொரோனா வந்து எங்கட சனத்தின்ரை குடும்பங்களைப் பிரிச்சுப்போட்டுது."

பெருந்தொற்றுக்குப் பின் லண்டனில் நாம் போன பிறந்தநாள்களிலும் அந்தியேட்டிகளிலும் இந்த வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டோம். ஹரோவில் ஒரு மண்டபத்தில், கையில் சாப்பாட்டுத் தட்டுடன், பல வருடம் ஊர்ச்சங்கத்துக்குத் தலைமை தாங்கிய ஒரு பெரியவர் இதைச் சொன்னார். சுற்றி நின்ற நாம் தலையாட்டினோம். அவர் தொடர்ந்தார்: "முந்தியெண்டால் நாலு பேர் போய்ச் சமாதானம் பேசியிருப்பம். ஒருத்தற்ற வீட்டுக்கும் போகேலாமல் போச்சு. அதாலதான் எல்லாம் கோட்டுக்குப் போச்சுது." அதற்கும் தலையாட்டினோம்.

அப்படித் தலையாட்டியதை நினைத்து வெட்கப்பட்டே இதை எழுதுகிறோம். நாம் சட்டத்தரணிகள் அல்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள், ஹோம் ஒபிஸ் கடிதத்தை வாசித்துச் சொல்பவர்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வருடங்களில் எமது ரெலிபோனுக்கு வந்த குரல்களைக் கேட்ட பின்பு அந்தப் பெரியவரின் கணக்கு பிழை என்று சொல்லாமல் இருக்க முடியாது. எந்த நோயும் இந்தக் குடும்பங்களைப் பிரிக்கவில்லை. மனதளவில் எப்போதோ பிரிந்து, ஊர் வாய்க்குப் பயந்து ஒரு கூரையின் கீழ் கிடந்தவர்களை வெளிக்கதவும் இல்லாமல் பூட்டிவைத்தது நோய். அந்தக் கதவை அதற்கு முன் பல வருடங்களாக அடைத்து வைத்திருந்தவர்கள் நாம்தான்.

அந்த நாட்களை முதலில் நினைவுபடுத்துவோம். 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 17 வரையான கொரோனா மரணங்களைத் தேசிய புள்ளிவிபர அலுவலகம் வயது வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிட்டபோது, இங்கிலாந்திலும் வேல்சிலும் முதலிடத்தில் நின்றது நியூஹாம்: ஒரு லட்சம் பேருக்கு 144.3. அடுத்தது பிரென்ற்: 141.5. ஈஸ்ட்ஹாமும் மனோர்பார்க்கும் நியூஹாமில், வெம்பிளி பிரென்றில். நாம் எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் சாவும் வந்து குடியிருந்தது. நோத்விக் பார்க் ஆஸ்பத்திரி மார்ச் மூன்றாம் வாரத்திலேயே தீவிர சிகிச்சைக் கட்டில்கள் போதாமல் நெருக்கடி நிலையை அறிவித்தது. பெற்றோல் செற்றிலும் கடைக் கவுண்டரிலும் பஸ்ஸிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்தவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள். ஒரு அறையில் ஒரு குடும்பம், அடுத்த அறையில் இன்னொன்று, குசினியும் குளியலறையும் பொது. இந்த வீடுகளில் இறந்தவர்களுக்காக நாம் அழுதோம், சூமில் தேவாரம் பாடினோம், காசு சேர்த்தோம். அதே வீடுகளில் உயிரோடு அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சட்டம் எல்லாக் கதவையும் அடைத்துவிடவில்லை. மார்ச் 23 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி வீட்டிலேயே இருங்கள் என்றார். 26ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகளில், வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு ஏற்கத்தக்க காரணங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஆபத்திலிருந்து தப்புவதற்காக வெளியேறலாம். நீதிமன்றம் செல்ல வெளியேறலாம். பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் முன்பு இருந்த ஏற்பாட்டின்படி ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போகலாம். இந்த மூன்றும் கறுப்பு வெள்ளையில் இருந்தன. இவற்றை எமது மொழியில் எத்தனை பேருக்குச் சொன்னோம்? வட்ஸ்அப்பில் மல்லித்தண்ணியும் மிளகு ரசமும் வேப்பிலையும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வந்தன. அடிக்கிறவனிடமிருந்து தப்பி ஓடுவதற்கு அபராதம் இல்லை என்ற செய்தி எமக்கு ஒரு தடவைகூட வரவில்லை. "வெளியால போனால் பொலிஸ் பிடிக்கும், விசா போயிடும்" என்று கணவன் சொன்னதையே சட்டம் என்று நம்பியிருந்த பெண்கள் எம்மிடம் பேசினார்கள்.

அமைச்சர்களுக்கே குழப்பம் இருந்தது என்பதும் உண்மை. மார்ச் 24 காலை மைக்கல் கோவ் தொலைக்காட்சியில், பிரிந்த பெற்றோரின் வீடுகளுக்கிடையில் பிள்ளைகள் போய்வரக் கூடாது என்ற கருத்துப்படச் சொல்லி, அன்றே அதைத் திருத்தினார். அதே நாளில் குடும்பநலப் பிரிவின் தலைவர் சேர் அன்ட்ரூ மக்ஃபார்லேன் வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டார். பிள்ளை போகலாம், ஆனால் போயே ஆகவேண்டும் என்றில்லை. பெற்றோர் நிலைமையை யோசித்து முடிவெடுக்க வேண்டும். நேரில் சந்திக்க முடியாவிட்டால் ரெலிபோனிலோ வீடியோவிலோ பிள்ளையுடன் உறவு தொடரவேண்டும் என்பது அதன் சாரம். கோவின் முதல் சொல் எம்மவரிடம் பரவியது. திருத்தம் பரவவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்த ஒரு தகப்பன், முன்னாள் மனைவி பயத்தில் மறுத்ததால், பல மாதங்கள் தன் மகளைப் பார்க்கவில்லை. வீடியோவில் பார்க்கவாவது கேட்கலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய நண்பர்கள் சொன்னது ஒன்றுதான்: "டிவோர்ஸ் எடுத்தால் இப்பிடித்தான்." சட்டம் தெரியாததால் வந்த துன்பத்தை விவாகரத்தின் தண்டனையாக எண்ணிச் சுமக்க வைத்தோம். ஆண்களையும் இந்தக் கலாச்சாரம் காப்பாற்றவில்லை என்பதை எமது ஆண்கள் விளங்கிக்கொள்வது நல்லது.

இனி நீதிமன்றம். ஹை ஹோபோனிலும் கனேரி வோர்ஃபிலும் உள்ள குடும்ப நீதிமன்றங்களின் விசாரணைகள் சில நாட்களுக்குள் ரெலிபோனுக்கும் வீடியோவுக்கும் மாறின. வழக்குகள் அடியோடு நின்றுவிடாமல் காத்த மாற்றம் அது. ஆனால் அது யாருடைய வீட்டுக்குள் நுழைகிறது என்பதுதான் கேள்வி. தனியறையும் மடிக்கணினியும் நல்ல இணைப்பும் உள்ளவருக்கு நீதிமன்றம் வீட்டுக்கே வந்தது. ஒரே அறையில் மாமியோடும் பிள்ளைகளோடும் இருந்தவளுக்கு, யாரைப் பற்றி முறையிடுகிறாளோ அவருடைய காதுக்கெட்டிய தூரத்தில் வந்து நின்றது.

நாம் அறிந்த ஒரு சகோதரி, நாளுக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்கு வெளியே போக அனுமதி இருந்ததால், அந்த நேரத்தைப் பயன்படுத்திப் பூங்கா வாங்கிலில் இருந்து நீதிபதியோடு பேசினார். பாதுகாப்புக் கட்டளை கேட்டுப் போட்ட வழக்கு. நீதிபதி ஒரு இணைப்பில், மொழிபெயர்ப்பாளர் இன்னொரு இணைப்பில். மொழிபெயர்ப்பாளர் தமிழர்தான், ஆனால் எமது ஊரவர் அல்லர். "அவர் ஒவ்வொரு நாளும் பேசுவார், பிள்ளையளுக்கு முன்னாலையும் பேசுவார்" என்று இவர் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. சாதாரணமாகச் சொல்லாடுவதை நாம் கதைப்பது என்போம். கடல் கடந்தால் பேச்சு வெறும் பேச்சுத்தான். ஆகவே ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தது இது: கணவர் தினமும் அவருடன் உரையாடுகிறார், பிள்ளைகளின் முன்னாலும் உரையாடுகிறார்.

அவருக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கியதால் இடைமறித்துத் திருத்தினார். விளங்காதிருந்தால்? ஒரு நீதிமன்ற அறையில் அவர் முகத்தைப் பார்த்தாவது யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். கம்பிக்குள் முகம் இல்லை. இந்தக் கவலை எமக்கு மட்டுமானதல்ல. 2020 ஏப்ரல் 16 அன்று மக்ஃபார்லேன் தாமே ஒரு தாய்மீதான பாரதூரமான குற்றச்சாட்டு விசாரணையைத் தொலைவிலிருந்து நடத்த மறுத்தார். நீதிபதி அந்தத் தாயை நேரில், அறையில், மற்றவர்கள் பேசும்போதும் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கவேண்டும் என்பது அவருடைய காரணங்களில் ஒன்று. அந்த மாதம் நுஃபீல்ட் குடும்பநீதி அவதானிப்பகம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கருத்துத் திரட்டியபோது, மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் வழக்குகளின் சிக்கல் அங்கும் எழுந்தது. பெரிய வழக்குகளில் பெரிய நீதிபதிகள் தயங்கினார்கள். பூங்கா வாங்கிலில் இருந்தவர்களின் அரைமணி நேர விசாரணைகள் தயக்கமின்றி நடந்து முடிந்தன.

அரசின் குற்றத்தையும் சொல்லாமல் விடமுடியாது. 2013 ஏப்ரல் 1 முதல் இந்த நாட்டில் விவாகரத்து, பிள்ளைப் பராமரிப்புப் போன்ற தனிப்பட்ட குடும்ப வழக்குகளுக்குச் சட்ட உதவி பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. வீட்டு வன்முறைக்கு ஆளானவர் அத்தாட்சி காட்டினால் கிடைக்கும். அத்தாட்சி என்பது பொலிஸ் பதிவு, வைத்தியரின் கடிதம் போன்றவை. ஜீ.பி.யின் கதவு பூட்டிக்கிடந்து, ரெலிபோனில் மட்டும் வைத்தியம் நடந்த காலத்தில், பக்கத்தில் கணவன் நிற்கும்போது எந்தக் காயத்தை எந்த வைத்தியருக்குக் காட்டுவது? துணைவர் விசாவில் வந்தவளின் பத்திரத்தில் பொது நிதிக்கு உரிமையில்லை என்று எழுதியிருக்கிறது. அதைக் காட்டியே பல அடைக்கல இல்லங்களின் கதவு அவளுக்கு மூடப்பட்டது. 2012 முதல் அவளைப் போன்றவருக்கு மூன்று மாதச் சலுகை ஒன்று உண்டு. அந்த மூன்று மாதத்துக்குள் உதவிப்பணம் பெற்று, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் வந்தவரின் மனைவிக்கு அந்தச் சலுகைகூட 2024 பெப்ரவரியில்தான் நீட்டப்பட்டது. அவளுக்கு அதன் முடிவில் நிரந்தர வதிவிடத்துக்கு வழி வைக்கப்படவில்லை. பெருந்தொற்றின் போது அவளுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. இவற்றையெல்லாம் எதிர்த்து 1979 முதல் குரல் கொடுத்துவரும் சவுத்ஹோல் கறுப்புச் சகோதரிகள் அமைப்புக்கு எமது சங்கங்கள் எத்தனை தரம் மண்டபம் கொடுத்திருக்கின்றன? பட்டிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஆனால் அரசைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவது எமக்கு மிகவும் வசதியானது. எம்முடைய கணக்கையும் பார்ப்போம்.

லண்டனில் மண்டபம் எடுத்து, ஐயரை அழைத்து, அக்கினி வளர்த்து, தாலி கட்டி, ஆயிரம் படம் எடுத்து, கலியாண எழுத்தை மட்டும் "பிறகு பாப்பம்" என்று விட்ட குடும்பங்கள் எம்மிடையே உண்டு. 2020 மார்ச் 23 முதல் ஜூலை 4 வரை இங்கிலாந்தில் திருமணங்கள் நடத்த முடியாதிருந்தபோது, நல்லநாள் தவறக்கூடாதென்று வீட்டுக்குள்ளே தாலி கட்டிச் சூமில் காட்டியவர்களும் உண்டு. இலங்கையில் முறைப்படி சடங்கு நடந்தால் எழுத்து இல்லாமலும் அது கலியாணமாக ஏற்கப்படலாம். இங்கு அப்படியல்ல. 1998 இல் சவுத்ஹோல் உணவகம் ஒன்றில் நிக்காஹ் செய்து, பிள்ளைகள் பெற்று வாழ்ந்த ஒரு தம்பதியின் வழக்கில், 2020 பெப்ரவரி 14 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சடங்கு சட்டப்படி செல்லாத திருமணம் என்ற தகுதியைக்கூடப் பெறாது என்றது. அதாவது ரத்துச் செய்வதற்குக்கூட அங்கே திருமணம் ஒன்று இல்லை. ஆகவே மனைவி என்ற முறையில் கேட்கக்கூடிய பங்கும் இல்லை. அது நிக்காஹ்வுக்கு மட்டுமா? எமது மஞ்சள் கயிற்றுக்கும் அதே நியாயம்தான். தாலியைப் புனிதம் என்று கொண்டாடும் நாம், அதைக் கட்டியவளைச் சட்டத்தின் முன் வெறும் கழுத்தோடு நிறுத்தியிருக்கிறோம்.

ஊரில் இன்னொரு பூட்டு. சீதனமாக எழுதிய வீடு பெண்ணின் வீடு என்று பெருமையாகச் சொல்வோம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச்சட்டம் விதித்தது. அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். லண்டனில் அறை வாடகைக்குக் காசில்லாமல் நிற்பவள், அவளுடைய தாய் தகப்பன் கொடுத்த கொக்குவில் வீட்டை விற்க, தன்னை அடித்தவனிடம் கையெழுத்துக் கேட்கவேண்டும், அல்லது யாழ்ப்பாணத்தில் வழக்குப் போடவேண்டும். 2020 மார்ச்சில் அங்கும் ஊரடங்கு, விமானமும் இல்லை. விவாகரத்து அவளுக்கு ஆடம்பரம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அது அவளுடைய சொத்தின் திறப்பு.

இந்தப் பூட்டுகளுக்கு முன்னால்தான் எமது சமாதானப் பேச்சாளர்கள் வந்து நிற்பார்கள். சித்தப்பா ஒருவர், கோவில் நிர்வாகத்திலிருந்து ஒருவர், கணவனின் நண்பர் ஒருவர். வரும் மூவரும் ஆண்கள். ரீ குடிப்பார்கள். "பிள்ளையளை யோசி பிள்ளை." "அவனுக்கு வேலையில கஷ்டம்." "தங்கச்சிக்குக் கலியாணம் பேசுற நேரம் இதென்ன?" போகும்போது கணவனின் தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். இந்த வருகைகளில் நாமும் சில சமயம் நான்காவது ஆளாகப் போயிருக்கிறோம். மறைக்கவில்லை. ஒரு தடவையாவது அவளிடம் தனியாக, உனக்குப் பயமாக இருக்கிறதா, உன் பாஸ்போட் யாரிடம் இருக்கிறது, கையில் எவ்வளவு காசு என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டால் சமாதானம் குழம்பிவிடும்.

விவாகரத்துச் சட்டம் மாறியதும் இதே வாய்கள் இன்னொன்று சொல்லத் தொடங்கின. வெள்ளைக்காரன் குடும்பத்தை உடைக்கச் சட்டம் போட்டுவிட்டானாம். நடந்தது என்ன? 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வருடக்கணக்கில் பிரிந்திருந்து காத்திருக்க முடியாதவர், மற்றவரின் சோரத்தையோ நடத்தையையோ கடதாசியில் எழுதிக் குற்றம் சாட்டவேண்டியிருந்தது. 1978 இல் மணமுடித்த ரினி ஓவன்ஸ் என்ற பெண் எழுதிய குற்றங்கள் போதாதென்று, 2018 ஜூலையில் உயர் நீதிமன்றம்கூட அவருக்கு விடுதலை கொடுக்க முடியாமல் போனது. 2020 ஜூன் 25 அன்று அரச சம்மதம் பெற்ற புதிய சட்டம் 2022 ஏப்ரல் 6 அன்றே நடைமுறைக்கு வந்தது. இப்போது குற்றம் எழுதத் தேவையில்லை. ஒருவராகவோ இருவரும் சேர்ந்தோ விண்ணப்பிக்கலாம். முதற் கட்டளைக்கு முன் 20 வாரம், இறுதிக் கட்டளைக்கு முன் மேலும் 6 வாரம் பொறுக்கவேண்டும். அரை வருடம் யோசிக்க இடம் வைத்த சட்டத்தை அவசரச் சட்டம் என்கிறார்கள்.

இடைப்பட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கு வராத அந்த ஒன்றே முக்கால் வருடம் பெருந்தொற்றின் கொடிய காலம். அக்காலத்தில் விண்ணப்பித்த பெண் கணவனின் குற்றங்களை வரிசையாக எழுதவேண்டும். அந்தக் கடதாசி, இருவரும் அடைபட்டிருக்கும் அதே வீட்டின் கதவடியில் தபாலாக வந்து விழும். மானத்தைப் பற்றி இத்தனை பேசும் சமூகம், ஒருவர் அழுக்கை ஒருவர் எழுதாமல் கௌரவமாகப் பிரிய வழிவிட்ட சட்டத்தை வரவேற்றிருக்க வேண்டாமா?

பிள்ளைகள்? கேட்கவேண்டிய கேள்விதான். பெற்றோருக்கிடையிலான பிள்ளை வழக்குகள் முடிய 2022 இல் சராசரியாக 40 வாரங்களுக்கு மேல் எடுத்தன. ஒரு நாலு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு நீளம் என்று தெரியும். ஆனால் சுவருக்கு அப்பால் நடப்பதைக் கேட்டபடி, சத்தம் அடக்கிய மடிக்கணினிக்கு முன்னால் வகுப்பில் இருந்த பிள்ளைகளையும் அந்த இரண்டு வருடமும் எமக்குக் காட்டியது. பிரிந்த வீட்டுப் பிள்ளை பாதிக்கப்படும் என்று சொல்பவர்கள், பிரியாத வீட்டுப் பிள்ளையிடம் போய்க் கேட்கட்டும்.

சங்கங்களிடமும் கோவில்களிடமும் நாம் கேட்பது அதிகமில்லை. எழுத்து நடந்ததற்கு அத்தாட்சி காட்டாத சோடிக்கு மண்டபமும் ஐயரும் கொடுக்காதீர்கள். ஆண்டுமலரில் ஒரு பக்கத்தை விளம்பரத்துக்கு விற்காமல், எந்த விசாவுக்கு என்ன பாதுகாப்பு, சட்ட உதவிக்கு எந்த அத்தாட்சி என்று தமிழில் போடுங்கள். நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் தரும்போது, இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள். அடுத்த தொற்று வரும். அப்போது பூங்கா வாங்கிலைத் தேடவேண்டிய நிலை வராமல், சங்கக் கட்டிடத்தில் பூட்டக்கூடிய ஒரு அறையும் ஒரு கொம்பியூட்டரும் வைத்திருங்கள். சமாதானம் பேசப் போகும் ஆண்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது. கிடைத்த அடுத்த கிழமை, அவர் கணவனின் சித்தப்பா ரெலிபோன் எடுத்தாராம். ஒன்றரை மணி நேரம். என்ன சொன்னார் என்று கேட்டோம்.

"வேறென்ன, பேசினவர்" என்றார்.

இந்த முறை எமக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.